ஏற்றுகிற வரிசையில் ஆள்

இன்னும் விடியவில்லை. லாரியின் பின்கதவு திறந்ததும் டைல்ஸ் பெட்டிகள் கைக்கு வர ஆரம்பித்தன. ஒருத்தர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு, அங்கிருந்து மரப்பலகை மேல். அட்டை விளிம்பு விரலை அறுக்கும், அறுத்த இடத்தில் தூசி ஏறும், வியர்வை பட்டால் தீயாய் எரியும். கொஞ்சம் முதுகை நிமிர்த்தினால் போதும், சூப்பர்வைசரின் விசில் காதைக் கிழிக்கும்.

இந்தக் குடோனில் என்னை வாயாடி என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். வாயை மூடிக்கொண்டு உழைத்தவர்களுக்கு இங்கே என்ன பட்டம் கொடுத்தார்கள் என்று நானும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

ஆளுக்கொரு ஸ்கேனர் மணிக்கட்டில் கட்டியிருக்கும். எந்த வரிசை, எந்தத் தட்டு, எத்தனை பெட்டி என்று அது சொல்லும், நாங்கள் ஓடுவோம். கட்டிய புருஷன்கூட இப்படி அதிகாரம் பண்ணமாட்டான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் டிரைவருக்கும் ஒன்று உண்டு. வந்த சரக்கை எங்கே ஏற்றவேண்டும் என்று அவருக்கு அது சொல்லும். சரக்கு அடுக்கும் ரேக்குக்கு முன்னும் பின்னும் சந்து, நடுவில் சுவர் கிடையாது. பின்சந்தில் அவர் ஏற்றுவார், முன்சந்தில் நாங்கள் எடுப்போம். பின்னாலிருந்து தள்ளுகிற பலகை கொஞ்சம் அதிகம் போனால் முன்னால் இருப்பது கீழே வரும்.

அந்தக் காலத்தில் ரேக் இடுக்கில் தலையை விட்டு, "வண்டி இருக்கா?" என்று கத்திவிட்டுத்தான் கை வைப்போம். ஸ்கேனர் வந்தபிறகு அந்தப் பழக்கம் போய்விட்டது. பின்னால் வண்டி ஏற்றினால் எங்கள் ஸ்கேனரில் 'காத்திரு' என்று சிவப்பாக வரும். வராவிட்டால் பின்னால் வண்டி இல்லை. டிரைவருக்கும் அதே கணக்குதான். அவர் ஸ்கேனர் 'ஏற்று' என்று சொன்னால் முன்னால் ஆள் இல்லை. கண்ணையும் காதையும் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு எல்லாரும் நிம்மதியாக இருந்தோம்.

சில நாட்களாக 'காத்திரு' வரவேயில்லை. மூச்சு விட நேரமில்லை, தண்ணீர் குடிக்க நேரமில்லை. மெஷினுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று சிரித்தோமே தவிர, ஏன் வரவில்லை என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அன்று பதினோராவது வரிசையில் எடுத்துக்கொண்டிருந்தவர் டிரைவரின் தங்கை புருஷன். எப்போதும் எதையாவது முணுமுணுத்துப் பாடுவார் என்பதால் ரேடியோ என்று கூப்பிடுவோம். அன்று என்னையும் தங்கைக்காரியையும் பேக்கிங் மேசையில் போட்டிருந்தார்கள். புருஷனின் பாட்டைக் கேட்டு, "கழுதை கத்த ஆரம்பிச்சிடுச்சு" என்று என்னிடம் கண் சிமிட்டினாள்.

பாட்டு பாதியில் நின்றது.

மேல்தட்டிலிருந்து ஒரு பலகை நிறைய டைல்ஸ் அவர்மேல் வந்து விழுந்தது. தரை அதிர்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் தூசிக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டு தரையை அறைந்துகொண்டிருந்தது. பெட்டிகளை வாரி எறிந்தோம். உடைந்த டைல்ஸ் உள்ளங்கைகளைக் கிழித்தது. இடது கால் முட்டிக்குக் கீழே நசுங்கி, எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. பாடிய வாயிலிருந்து அலறல் வந்தது.

பின்சந்திலிருந்து டிரைவர் ஓடிவந்தார். கிடப்பது யார் என்று பார்த்ததும் மண்டியிட்டார். "மாப்ள... மாப்ள, நானாடா? நானாடா இதைப் பண்ணேன்?"

ஆம்புலன்ஸ் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் கேள்வி வரும். டெலிவரி வேனில் பெட்டிகளை ஒதுக்கி, அந்த மனிதரைச் சரக்குபோல ஏற்றி அனுப்பினார்கள். ஒரு ஆள் மட்டும் கூடப் போனான். தங்கைக்காரி வேனுக்குப் பின்னால் ஓடுவதற்குள் சூப்பர்வைசர் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டான். "மொதலாளி வர்றார். அவர் கார்லயே கூட்டிட்டுப் போவார்" என்றான்.

முதலாளி வருவதற்குள் செக்யூரிட்டி ஆட்கள் இரண்டு பேர் டிரைவரைச் சுவரோரம் தள்ளி அடிக்க ஆரம்பித்தார்கள். ஒருத்தன் தடியால் விலாவில் போட்டான். இன்னொருத்தன் முகத்தை ரேக் கம்பியில் மோதினான், புருவம் பிளந்தது. "ஃபோன் பேசிக்கிட்டே ஓட்டினேன்னு சொல்லுடா!" டிரைவர் அடியைத் தடுக்கப் பார்க்கவில்லை, முகத்தை விலக்கவும் இல்லை. தன்னைத்தான் அடிக்கவேண்டும் என்று அவரும் நம்பிவிட்டாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

முதலாளி வந்தார். தரையில் கிடந்த ரத்தத்தைச் சுற்றிக்கொண்டு, செருப்பில் படாமல் வந்தார்.

தங்கைக்காரியிடம் மெதுவாகப் பேசினார். "பாரும்மா, நடந்தது நடந்துபோச்சு. பெரிய ஆஸ்பத்திரியில சேத்துடறேன். ஆஸ்பத்திரியிலேருந்து தகவல் போய் லேபர் இன்ஸ்பெக்டர் வருவார். டிரைவர் கவனமில்லாம ஓட்டினான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. கார் வெளிய நிக்குது, வா."

"அவர் என் அண்ணன் சார்."

"அண்ணன் வேணுமா, புருஷன் வேணுமா? நீயே சொல்லு."

அவள் ஷட்டரைப் பார்த்தாள். சுவரோரம் ரத்தம் வழிய உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்தாள். டிரைவர் தலையை ஆட்டினார். "சொல்லிட்டுப் போம்மா. நீ மாப்பிள்ளைகிட்ட போ. நான் பாத்துக்கறேன்."

முதலாளி மாடிப்படிப் பக்கம் திரும்பினார். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற அக்கா படியில் நின்றுகொண்டிருந்தார். எந்தச் சரக்கு எந்த வரிசைக்கு, யார் எப்போது எடுக்கவேண்டும் என்று எங்கள் ஸ்கேனரை ஆட்டிவைக்கும் செட்டிங் எல்லாம் அவர் மேசையில்தான். "நீ ஏன் நிக்கற? நான் சொன்னதைப் போய்ப் பண்ணு" என்றார் முதலாளி.

அக்கா அசையவில்லை.

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லிடறேன் சார்" என்றார். "ஏத்துற வரிசைக்கு எடுக்க ஆள் அனுப்பாதேன்னு செட்டிங்ல ஒரு டிக் இருந்துச்சு. அதனாலதான் 'காத்திரு'ன்னு வரும். ஆளுங்க சும்மா நிக்கறாங்க, அதை எடுத்துடுன்னு இவர் சொன்னார். எடுத்தேன். இப்ப இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள திரும்பப் போடச் சொல்றார். டிரைவர்மேல தப்பில்ல. முன்னாடி ஆள் இல்லன்னு அவருக்கு ஸ்கேனர்தான் சொல்லுச்சு."

அடுத்த நிமிஷம் நான் படியேறி அக்காவின் தலைமுடியைப் பிடித்திருந்தேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. "ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு எங்க உசுரை எடுக்கறியா?" என்று கீழே இழுத்தேன். பின்னால் பத்துக் கைகள் வந்தன. ஒருத்தி அவர் கன்னத்தைக் கீறினாள். அக்கா கையைக்கூடத் தூக்கவில்லை.

"விடுங்க!" தங்கைக்காரியின் குரல். கூட்டம் வழிவிட்டது. அவள் நேராக வந்து அக்காவின் எதிரில் நின்றாள்.

"ஏன் எடுத்தே?"

"ரெண்டு தடவை மாட்டேன்னேன். எடுக்கலைன்னா நாளையிலேருந்து வராதேன்னார். எடுத்துட்டேன்."

"எங்ககிட்ட சொல்லிருக்கலாம்ல?"

தங்கைக்காரி ஓங்கி ஒரு அறை விட்டாள். கண்ணாடி தெறித்துப் படியில் உருண்டது. அவள் குனிந்து அதை எடுத்துத் தன் புடவையில் துடைத்து, அக்காவின் கையில் கொடுத்தாள்.

"இத்தோட முடிஞ்சுது. இனிமே மேல போகாதே. எங்ககூட நில்லு."

"இல்ல, போகமாட்டேன்."

முதலாளியின் முகம் சிவந்தது. "நீ போடலைன்னா நான் போடறேன். ஒரு டிக்குக்கு இவ்வளவு நாடகமா?"

"போட்டுக்கோங்க சார்" என்றேன் நான். "டிக்கைப் போட்டுடலாம். இத்தனை பேர் காதுல விழுந்ததை எப்படி எடுப்பீங்க?"

"கழுவுங்கடா அந்த இடத்தை!" என்று முதலாளி கத்தினார். சூப்பர்வைசர் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு பதினோராவது வரிசைக்கு ஓடினான். நாங்களும் ஓடினோம். ரத்தத்தையும் உடைந்த டைல்ஸையும் சுற்றி நின்றோம், இன்ஸ்பெக்டர் பார்க்கும்வரை அது அப்படியே இருக்கவேண்டும். தண்ணீரை முகத்தில் பீய்ச்சினான். தடிகள் இறங்கின. என் முன்கையில் ஒன்று விழுந்தது, உள்ளே ஏதோ முறிவது எனக்கே கேட்டது. லாரி இறக்குகிறவர்களில் ஒருத்தர் செக்யூரிட்டியின் சட்டையைப் பிடித்துத் தூக்கி ரேக்கில் சாத்தினார். இன்னொருத்தர் தடியைப் பிடுங்கி முழங்காலில் வைத்து முறித்தார். குழாய் யார் கைக்கோ போய், தண்ணீர் நின்றது. டிரைவரை எங்கள் நடுவில் இழுத்துக்கொண்டோம்.

அடுத்து ஷட்டர். பூட்டு திறக்கவில்லை. பலகை நகர்த்தும் இரும்புக் கம்பியைக் கொடுத்து நெம்பினார்கள். கொக்கி பிய்ந்தது. பத்துப் பேர் சேர்ந்து தூக்கியதும் வெளிச்சம் கண்ணைக் கூச வைத்துக்கொண்டு உள்ளே வந்தது. வாசலில், விடியுமுன் நாங்கள் சரக்கு இறக்கிய லாரியின் ஓட்டுநர் வண்டியைக் கிளப்பித் தயாராக வைத்திருந்தார். "ஏறும்மா, வேன் எந்த ஆஸ்பத்திரிக்குப் போச்சுன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

தங்கைக்காரி லாரிப் படியில் ஒரு காலை வைத்தாள். திரும்பிப் பார்த்தாள். முதலாளி ஃபோனில் போலீஸை அழைத்துக்கொண்டிருந்தார். "ஆளைக் கொல்லப் பாத்தான், எங்க டிரைவர்தான்" என்று அவர் சொல்வது எல்லாருக்கும் கேட்டது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கன்னத்தில் விரல் தடம் சிவந்து நின்ற அக்காவைப் பார்த்தாள்.

"எங்கண்ணனைப் பாத்துக்கோ."

"நீ போ" என்றார் அக்கா. "என்னைத் தாண்டித்தான் அவரைத் தொடணும்."

லாரி போய்விட்டது. நாங்கள் பதினோராவது வரிசையில் ஈரத்திலேயே உட்கார்ந்தோம். அக்கா தன் துப்பட்டாவைக் கிழித்து டிரைவரின் புருவத்தைக் கட்டிவிட்டு, அவர் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார். முதலில் லேபர் இன்ஸ்பெக்டர் வருவாரா, போலீஸ் வருமா என்று யாருக்கும் தெரியாது. வாசலில் ஏதோ ஒரு வண்டி வந்து நின்றது. கதவு திறக்கிற சத்தமும் கேட்டது. ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை.