பத்து நாளைக்குச் சுமாராக

என் மனைவி சரோஜா காலையில் சிரிக்கிறாள் என்றால் அதற்கு நான் காரணமில்லை என்பது 2007-ல்தான் எனக்குத் தெரியவந்தது. சிங்கப்பூரில் இருக்கும் மகள் ஓவியாவோடு பேசுவதற்காக வாங்கிய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, காப்பி ஆறிப்போனதுகூடத் தெரியாமல், தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். சம்பந்தமூர்த்தி குருக்களின் வலைப்பதிவு.

சம்பந்தமூர்த்தி வீடு பெரிய கோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவில். கோயிலில் பூஜை முறை இல்லாத நாட்களில் எழுதுவார். ஊரே இலவசத் தளங்களில் ஒண்டுக்குடித்தனம் இருந்த காலத்தில், அவர் மட்டும் வீட்டுக் கம்ப்யூட்டரையே சர்வராக்கிச் சொந்த வீட்டுக்காரராக பிளாக் நடத்திக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பிரசாத வரிசையில் புகுந்த ஒரு குரங்கைப் பற்றி எழுதியிருந்தார்.

எனக்குத் தெரியாத குரங்கா? நான் பேருந்து நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலூர் வண்டி எத்தனை மணிக்கு என்று ஒரு குரங்கு என்னிடமே வந்து விசாரித்து, நான் காட்டிய வண்டியில் ஏறி, கண்ணமங்கலத்தில் இறங்கிப் போயிருக்கிறது. நடத்துனரைக் கேட்டுப் பாருங்கள். அவர் இப்போது இல்லை.

"இதுல சிரிக்கறதுக்கு இன்னாடி இருக்குது?" என்றேன்.

"எழுதற விதத்துலதாங்க இருக்குது" என்றாள் சரோஜா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்றைக்கே முடிவு செய்தேன். சரோஜா என் எழுத்தைப் படித்துச் சிரிக்க வேண்டும். அதுவும் சொந்த சர்வரில்.

செங்கம் ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருவர் வந்து எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தார். இரண்டாம் நாளே பக்கம் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. எழுத்து இல்லை, படம் இல்லை, பிழைச்செய்தி என்று மரியாதைக்கு ஒரு வரிகூட இல்லை. ஊரில் இதைக் கேட்கக்கூடிய ஆள் ஒருவர்தான் இருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு போன் போட்டேன்.

"கடைசியா என்ன சேர்த்தேள், ஆதிமூலம்?"

"ஒண்ணுமில்ல சாமி. பக்கத்தைத் தொறந்தா பஸ் ஆரன் அடிக்கிற மாதிரி ஒரு பிளக்இன் போட்டேன்."

"அதான் பிராணனை வாங்கறது. பிளக்இன் இருக்கிற ஃபோல்டர் பேரை மாத்துங்கோ. எல்லாம் அணைஞ்சு பக்கம் வந்துடும். அப்புறம் பழைய பேரையே வெச்சுட்டு ஒவ்வொண்ணா ஏத்துங்கோ. எதை ஏத்தறச்சே விழறதோ, அதைத் தூக்கிப் போட்டுடுங்கோ."

வந்துவிட்டது. அடுத்த வாரம் முகப்பு மட்டும் தெரிந்தது. உள்ளே எந்தப் பதிவைத் தொட்டாலும் 'காணவில்லை' என்றது. "பதிவோட முகவரி அமைப்புன்னு ஒரு பக்கம் இருக்கும். அங்க எதையும் மாத்தாதீங்கோ. சும்மா சேமின்னு மட்டும் அழுத்துங்கோ" என்றார். அழுத்தினேன். காணாமல் போனதெல்லாம் திரும்பி வந்து வரிசையில் நின்றது. இத்தனை சுலபமாகச் சரியாகும் ஒரு கோளாறை அவர் வாயால் கேட்கவேண்டியிருந்ததுதான் எனக்கு நெஞ்செரிச்சல்.

மூன்றாவது, டேட்டாபேஸோடு தொடர்பே இல்லை என்றது. குருக்கள் நேரில் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். ஹார்ட் டிஸ்க்கில் இடமில்லை. வேற்று நாட்டிலிருந்து எனக்குப் பின்னூட்டங்கள் மலைபோல் குவிந்திருந்தன. ஏதோ ஒரு தீவில் சூதாட்ட விடுதி நடத்துகிறவர், என் எழுத்து தன் வாழ்க்கையையே மாற்றிவிட்டதாகச் சொல்லியிருந்தார். மாத்திரை வியாபாரிகள் போட்டி போட்டுப் பாராட்டியிருந்தார்கள். நான் ஒருவர் விடாமல் நன்றி சொல்லி, குடும்பத்தையும் விசாரித்திருந்தேன்.

"இதெல்லாம் விளம்பரம், ஆதிமூலம். மனுஷாளே இல்லை. அழிச்சுடுங்கோ" என்றார்.

அழித்தபிறகு என் பிளாக்கில் இரண்டு பின்னூட்டம் மிஞ்சியது. இரண்டும் நான் எழுதியது.

இவ்வளவு ஆகியும் சரோஜா ஒருநாள்கூட என் பக்கத்தைத் திறக்கவில்லை. காலையில் காப்பி, குருக்கள் பிளாக், சிரிப்பு.

நவராத்திரி முடிந்து சில நாளில் தெய்வம் கண் திறந்தது. குருக்களின் பிளாக் மத்தியானமானால் விழ ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் வரும், மறுபடி போகும். கார்த்திகை தீபம் நெருங்க நெருங்க வெளிநாட்டுக்காரர்கள் அதிகமாக வந்து பார்க்க, காலையிலேயே விழுந்தது. எனக்கு அந்த வாரம் நல்ல பசி, நல்ல தூக்கம். இனி சரோஜாவுக்கு என்னை விட்டால் கதியில்லை என்று காத்திருந்தேன். அவளோ அதே பக்கத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு, பட்டினி கிடப்பவள்போல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, போய் இன்னான்னு பாத்துட்டு வாங்க. உங்களுது விழுந்தப்பல்லாம் அவருதானே தூக்கி நிறுத்துனாரு?"

போனேன். குருக்கள் முகம் வாடியிருந்தது.

"பிளக்இன் எல்லாம் அணைச்சுப் பாத்துட்டேன். பக்கத்தோட தோற்றத்தையே மாத்தினேன். பிழைக் குறிப்பையெல்லாம் புரட்டினேன். ஒண்ணும் புலப்படலை. தீபத்துக்குப் பத்து நாளும் எழுதறேன்னு வேற சொல்லித் தொலைச்சுட்டேன்."

நான் கம்ப்யூட்டர் பெட்டிமேல் கை வைத்தேன். தோசையே வார்க்கலாம். பெட்டி கிழக்குச் சுவர் மாடத்துக்குள் இருந்தது. முகம் மேற்கே மலையைப் பார்க்க, முதுகு சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. விசிறி அந்த முதுகில். சூடெல்லாம் சுவரில் முட்டிப் பெட்டிக்கே திரும்பியது.

"இது எப்பத்துலேர்ந்து இங்க இருக்குது சாமி?"

"நவராத்திரிக்கு வெள்ளை அடிக்கறச்சேதான் கவனிச்சேன். இத்தனை நாளும் மலைக்கு முதுகைக் காட்டிண்டு உக்காந்திருக்கு. நம்மாத்துல யாரும் அப்படி உக்கார மாட்டோம். அதான் திருப்பி வெச்சேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்திருக்கலாம். ஆனால் சரோஜாவிடம் என்ன சொல்வது? நான் யோசித்து, நியாயமான ஒரு வழிக்கு வந்தேன்.

"சரி பண்ணிடலாம் சாமி. ஆனா ஒரு கண்டிசன்."

"சொல்லுங்கோ."

"தீபம் பத்து நாளும் நீங்க சுமாரா எழுதணும்."

"சுமாரான்னா?"

"யாரும் சிரிக்கக் கூடாது."

"இத்தனை வருஷம் அபிஷேகம் பண்றேன். இப்படி ஒரு வேண்டுதலைக் கேட்டதில்லை" என்று சொல்லிவிட்டு ஒப்புக்கொண்டார்.

மலைக்கு முதுகு காட்டச் சம்மதிக்கமாட்டார் என்பதால், பெட்டியை மாடத்திலிருந்து இறக்கிக் கூடத்துக்கு நடுவில் ஒரு முக்காலியில், முகம் மலையைப் பார்க்க வைத்தேன். நாலு பக்கமும் காற்று. சூடு இறங்கியது, பிளாக் அப்புறம் விழவில்லை. வீட்டில் எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் நடக்கவேண்டியிருந்தது. சன்னதியைச் சுற்றுவதுபோல் எல்லோரும் வலமாகவே சுற்றினார்கள். பௌர்ணமியன்று மலை சுற்ற வந்து, தண்ணீர் கேட்டு உள்ளே வந்த ஆந்திராக்காரர்கள் விவரம் கேட்காமல் மூன்று சுற்று வந்து கற்பூரமும் ஏற்றிவிட்டுப் போனதாகக் கேள்வி. நான் அன்றைக்கு அங்கே இல்லை. ஆனால் அது உண்மை.

குருக்கள் சொன்ன சொல் தவறவில்லை. கொடியேற்றத்தன்று எழுதினார்: 'இன்று கொடி ஏறியது. கூட்டம் இருந்தது. பிறகு வீட்டுக்கு வந்தோம்.' மறுநாள்: 'இன்றும் கூட்டம் இருந்தது.' படித்துவிட்டு எனக்கே கொட்டாவி வந்தது. சரோஜா சிரிக்கவில்லை. கண் கலங்கினாள்.

"இன்னாவோ ஆயிடுச்சுங்க அவருக்கு. எப்படி எழுதின மனுஷன்!"

'உடம்பைப் பாத்துக்குங்க சாமி' என்று நாலு வரிப் பின்னூட்டம் போட்டாள். நம் வீட்டில் சமைத்ததைச் சாப்பிடமாட்டார் என்று சுக்கு, திப்பிலி, மிளகு எல்லாம் அப்படியே பொட்டலம் கட்டி, என் கையிலேயே கொடுத்தனுப்பினாள். மறுநாள் தேன். சிரித்தபோது காலையில் மட்டும்தான் அவரை நினைத்தாள். இப்போது மூன்று வேளையும் நினைத்தாள்.

தேனைக் கொடுத்துவிட்டுச் சொன்னேன்: "சாமி, கண்டிசன் வாபஸ். பழையபடியே எழுதுங்க."

"சந்தோஷம். சுமாரா எழுதறது ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்றார்.

மறுநாள் காலை வீட்டில் சிரிப்புச் சத்தம். பொறுக்கமுடியாமல் கேட்டேவிட்டேன்.

"ஏன் சரோஜா, என் பிளாக்கை மட்டும் ஏன் நீ படிக்கறதில்ல?"

அவள் ஆச்சரியமாகத் திரும்பினாள். "எதுக்குங்க படிக்கணும்? குரங்கு பஸ் ஏறினது, தேர் தானா நகந்தது, எல்லாம் சாப்பிடறப்ப எங்கிட்ட நாலு வாட்டி சொல்லிட்டுத்தானே எழுதறீங்க? கேட்ட கதையையே குந்திப் படிக்கணுமா?"

அன்று முதல் சாப்பிடும்போது வாயைத் திறப்பதில்லை என்று இருந்தேன். ரசம் ஊற்று, மோர் ஊற்று, அவ்வளவுதான். கண்டிசன் சமாச்சாரத்தை யாரிடமும் சொல்லாமல் முழுதாக எழுதி ஏற்றினேன். ஒரு வாரம் பொறுத்தவள், "உங்களுக்கு இன்னாதாங்க ஆச்சு?" என்று கேட்டாள், நான் பதில் சொல்லவில்லை. காரணம் தெரிந்துகொள்ள அவளே என் பக்கத்தைத் திறந்தாள்.

நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். சத்தமே இல்லை. பிறகு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வந்தாள்.

"அந்த மனுஷனைச் சுமாரா எழுதச் சொன்னது நீங்கதானா?"

"ஆமா."

"நான் சிரிக்கிறேன்னா?"

"ஆமா."

விறுவிறுவென்று அடுப்படிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது, அதன் பின்னாலேயே சிரிப்பு. நிற்காத சிரிப்பு. நான் உள்ளே எட்டிப் பார்த்தேன்.

"நெசமாச் சொல்லு. அவருக்குச் சிரிச்சதைவிட இது ஜாஸ்திதானே?"

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் கம்மிதான்" என்றாள்.