மூன்று கிலோ நூறு கிராம்

1971ஆம் வருஷம் ஜனவரி பதினேழாம் தேதி, பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, மானாம்பதிக்குப் பக்கத்து ஏரியில் ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறிய வீராசாமியின் எடை மூன்று கிலோ நூறு கிராம். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று இருக்கும். உயரம் ஐந்தடி எட்டு அங்குலம், மீசை உண்டு. அதற்கு முந்தின வாரம்தான் ஆனந்தனின் ரைஸ் மில்லில் நெல் மூட்டை நிறுக்கும் தராசின் மேல் விளையாட்டாக ஏறி நின்று, அறுபத்திரண்டு கிலோ என்று பார்த்துவிட்டு இறங்கியிருந்தார். திங்கட்கிழமை காலை அதே தராசில் அவரை மறுபடி நிறுத்தினார்கள். ஆனந்தன் பலகையைத் துடைத்துவிட்டு இரண்டு தடவை பார்த்தான். தராசில் கோளாறு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, அடுத்துக் காத்திருந்த தவிட்டு மூட்டையை ஏற்றினான்.

எல்லாம் ஒரு பதிவேட்டால் வந்தது. அந்த ஊர் ஜெபக்கூடத்துக்குப் புதிதாக வந்திருந்த உபதேசியார் சாமுவேலுக்கு இருபத்தாறு வயது. எதையும் எழுதிவைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். மிஷன் கொடுத்த அச்சடித்த பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், பெண்களானால் கணவர் பெயர், பிறந்த தேதி, ஞாயிறு பள்ளி வகுப்பு என்று கட்டங்கள் இருந்தன. ஈரம் சொட்டச் சொட்ட நின்ற வீராசாமியிடம் பிறந்த தேதியைக் கேட்டார். வீராசாமிக்கு அது தெரியாது. ஏரி உடைத்துக்கொண்ட வருஷம் என்று மட்டும் அவர் அம்மா சொல்லியிருந்தாள். ஆனால் தண்ணீரில் முழுகி எழுகிறவன் புதிதாய்ப் பிறக்கிறான் என்று மூன்று மாதமாகச் சாமுவேல் சொல்லிக்கொண்டே இருந்தது அவருக்கு ரொம்பவும் பிடித்துப்போயிருந்தது. "இன்னிக்குத்தாங்க பொறந்தேன்" என்றார். சாமுவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு அப்படியே எழுதிவிட்டார். வயதுப்படி வகுப்பு என்பதால் கடைசிக் கட்டத்தில் பாலர் வகுப்பு என்று போட்டார். மை உலர்ந்ததும் ஒரு காற்று அடித்தது. வீராசாமி தரையைவிட்டு இரண்டடி மேலே எழும்பினார். துண்டு கொண்டுவந்திருந்த அவர் மனைவி செங்கேணி அரைஞாண் கயிற்றைப் பிடித்து இழுத்து, இடுப்பில் உட்காரவைத்துக்கொண்டாள். கால்கள் தரையில் இழுபட்டதால் மடக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. வீடு சேர்வதற்குள் அவர் பசியில் அழ ஆரம்பித்துவிட்டார்.

தப்பைத் திருத்தலாமே என்று கேட்பீர்கள். சாமுவேலும் கேட்டார். ஏழு மாதம் கழித்து மிஷன் ஆபீசிலிருந்து பதில் வந்தது: பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது. ஊர்க்காரர்கள் இதில் குறை காணவில்லை. சபையில் உட்கார இன்ன வயது வேண்டும் என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்னே உத்திரமேரூர்க் கோயில் சுவரில் வெட்டிவைத்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். எழுதினது எழுதினதுதான் என்று விட்டுவிட்டார்கள். குழப்பம் வேறு இடத்தில் வந்தது. பெரியவர்களே "வீராசாமி அண்ணே" என்று ஆரம்பித்து "டேய் கண்ணு" என்று முடித்தார்கள். மீசையை யார் மழிப்பது, கல்யாண வீட்டில் எந்தப் பந்தியில் உட்காரவைப்பது என்று ஒன்றும் விளங்கவில்லை. இதை எழுதுகிறவனுக்கும் அதே தொல்லைதான். இதுவரை அவர் என்று எழுதியாகிவிட்டது. பாலர் வகுப்பில் பாயில் படுத்துக் கட்டை விரல் சூப்புகிற ஆளை எப்படி அவர் என்பது? இனி கொஞ்ச காலத்துக்கு அவன்.

உடம்பு மற்றவர்களுக்குப் போலத்தான் மூப்படைந்தது. நரை வந்தது, முட்டி வலித்தது. எடையும் புத்தியும் மட்டும் முதலிலிருந்து தொடங்கின. முதல் வருஷம் செங்கேணி கேழ்வரகுக் கூழைக் காய்ச்சி ஊட்டினாள். நடை பழக்கினாள். ஒரு காணி நிலத்தை அவளே உழுது வேர்க்கடலை போட்டாள். ஞாயிறானால் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து தேவகி டீச்சரின் பாலர் வகுப்பில் விடுவாள். அங்கே அவன் கைதட்டிப் பாட்டுப் பாடினான், மழை பெய்கிற மாதிரி விரலை ஆட்டினான், சாமி எங்கே தூங்கும் என்று கேட்டான். மேலே என்று டீச்சர் சொன்னதும், வெயில் அடிக்குமே என்று வருத்தப்பட்டான். நீயும் முழுகிவிடேன் என்று சாமுவேல் செங்கேணியிடம் சொல்லிப் பார்த்தார். "ரெண்டு பேரும் பொறந்துட்டா மாட்டுக்குத் தண்ணி யாருங்க காட்றது?" என்றாள்.

அவள் மனசில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இந்த மனுஷன் வளர்ந்து முடிக்கும்போது திரும்பவும் தனக்குப் புருஷனாக இருப்பானா? அதை யாரிடமும் கேட்க முடியவில்லை. ஊட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் அவனை அவள் "இன்னாங்க" என்றுதான் கூப்பிட்டாள். புருஷன் பெயரைச் சொல்கிற வழக்கம் அந்தப் பக்கத்துப் பெண்களுக்குக் கிடையாது. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்வார்கள். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அந்த நாலெழுத்து அவள் வாயில் ஒரு தடவைகூட வந்ததில்லை.

1973ஆம் வருஷம் ஆடிக் காற்றில் அதுவும் போயிற்று. அப்போது அவன் பன்னிரண்டு கிலோ. கொல்லையில் மாடு கட்டும் கயிற்றில் அவனைக் கட்டிவைத்துவிட்டுக் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். முடிச்சு அவிழ்ந்து, காற்று அவனைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பனைமர உயரத்தில் நிறுத்தியது. செங்கேணி கீழே ஓடி ஓடி "இன்னாங்கோ... இங்க பாருங்கோ..." என்று கத்தினாள். இரண்டரை வயதுப் பிள்ளைக்கு இன்னாங்க என்பது தான்தான் என்று எப்படித் தெரியும்? அவன் காக்கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். காற்று கிழக்கே திரும்பியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு "டேய் வீராசாமி! எறங்குடா கீழ!" என்று கூவினாள். ஞாயிறு பள்ளியில் வாராவாரம் வருகைக்குக் கூப்பிடுகிற பெயர் அது. அவன் "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லி, மெல்ல மெல்ல இறங்கி அவள் கைக்கு வந்தான். பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு செங்கேணி அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுதது பிள்ளை பிழைத்ததற்கா, புருஷன் போனதற்கா என்று கேட்டவர்களுக்கு அவளால் சொல்ல முடியவில்லை. தாலியை அவள் கழற்றவில்லை. ஆனால் அது யாருக்காகக் கழுத்தில் கிடக்கிறது என்று அவளுக்கே புரியவில்லை. அன்றையிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று தடவை, மூன்று வயல் தாண்டிக் கேட்கும்படி அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

1978இல் அவன் சிறுவர் வகுப்பில் இருந்தான், இருபத்திரண்டு கிலோ. கதையில் எது சொன்னாலும் அது அப்படியே நடந்திருக்க வேண்டும் என்று நினைக்கிற வயது. வெள்ளம் வந்தபோது பேழையில் எல்லா மிருகங்களும் ஏறின கதையைச் சாமுவேல் சொன்னார். "அத்தினி மாடு அத்தினி நாளு உள்ள இருந்தா, சாணி யாரு சார் அள்னது?" என்று வீராசாமி கேட்டான். சாமுவேல் அந்த வாரம் முழுக்க வேதத்தைப் புரட்டிப் பார்த்தார். 1983இல் அவனுக்குப் பன்னிரண்டு முடிந்திருந்தது. இப்போது எல்லாவற்றிலும் நியாயம் கேட்டான். வீட்டைவிட்டு ஓடிப்போய்த் திரும்பி வந்த பிள்ளைக்கு அப்பன் விருந்து வைத்த கதையைக் கேட்டதும் எழுந்து நின்றான். "ஓடிப்போனவனுக்குக் கறிசோறு. வூட்லயே இருந்து ஏர் ஓட்டிக்கினு இருந்த ஆளுக்கு இன்னா சார் குடுத்தாங்க?" ஜன்னலுக்கு வெளியே அவனைக் கூட்டிப்போக வந்து நின்ற செங்கேணி அதைக் கேட்டாள். கேட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அவனுக்காகக் காத்திருக்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

அடுத்த வருஷம் அவன் குரல் உடைந்தது. ஐம்பத்துநாலு வயதுத் தொண்டையில் அது கேட்கச் சகிக்கவில்லை. "நீ எனக்கு யாரு?" என்று அவளைக் கேட்டான். ஊரில் ஒருத்தன் அம்மா என்கிறான், ஒருத்தன் பொண்டாட்டி என்று சிரிக்கிறான், எதுதான் உண்மை என்றான். செங்கேணி அடுப்பை ஊதினாள். "கூட கீறவ" என்று மட்டும் சொன்னாள். பதினைந்து வயதில் வாலிபர் வகுப்பில் அவன், சாமி இருக்கிறதா என்பதே சந்தேகம், நான் பிறந்ததே ஒரு எழுத்துப்பிழை என்று சொல்லிவிட்டு வெளியே போனான். அது உண்மைதான் என்பதால் சாமுவேலால் மறுக்க முடியவில்லை. அவன் அப்படியே பஸ் ஏறிக் காஞ்சிபுரம் போய், வீரபத்திரன் என்பவரின் தறிக்கூடத்தில் நூல் சுற்றும் வேலையில் சேர்ந்துகொண்டான். அப்போது நாற்பத்தாறு கிலோ. செங்கேணி ஆள் அனுப்பவில்லை. அவன் காலி செய்த வகுப்பின் வழியாகப் போகாமல் சுற்றிப் போனாள், அவ்வளவுதான். இரண்டரை வருஷம் அப்படிப் போயிற்று.

1989 பொங்கலுக்கு மறுநாள் அவன் தானாகத் திரும்பி வந்தான். நேரே ரைஸ் மில்லுக்குப் போய்த் தராசில் ஏறினான். அறுபத்திரண்டு. செங்கேணி தலையில் தழைக்கட்டோடு வரப்பில் வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு ஐம்பத்தொன்று, முதுகு வளைந்திருந்தது. அவன் கட்டை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தான். பிறகு, "பழசு ஒண்ணும் ஞாபகம் வர்ல. கல்யாணம் பண்ணது, தாலி கட்னது, ஒண்ணும் வர்ல. ஆனா இந்தப் பதினெட்டு வருசம் ஞாபகம் கீது. இடுப்புல தூக்கினு போனது, பனைமரம், எல்லாம் கீது" என்றான். செங்கேணி வீட்டுக்குப் போனதும் சோறு போட்டாள். சாப்பிடு என்பதா, சாப்பிடுங்க என்பதா என்று தெரியாமல் "சோறு கீது" என்று மட்டும் சொல்லித் தட்டை வைத்தாள்.

அடுத்த ஞாயிறு, ஜனவரி இருபத்திரண்டாம் தேதி, வீராசாமியைப் பெரியவர் வகுப்பில் சேர்த்தார்கள். கூட்டம் கலைவதற்குள் செங்கேணி எழுந்து, தானும் முழுக வேண்டும் என்றாள். எல்லாரும் ஏரிக்குப் போனார்கள். சாமுவேலுக்கு இப்போது நாற்பத்துநாலு வயது, கண்ணாடி போட்டிருந்தார். அதே பதிவேடுதான். பெயர், தகப்பன் பெயர் எழுதியாயிற்று. கணவர் பெயர் என்று கேட்டார். செங்கேணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாமுவேல் கேள்வி காதில் விழவில்லையோ என்று மறுபடி கேட்டார். பதின்மூன்று வருஷம் மூன்று வயல் தாண்டிக் கேட்கும்படி அந்தப் பெயரைக் கூவினவள், இப்போது தலையைக் குனிந்துகொண்டு, பக்கத்தில் நின்ற ஆளைக் கண்ணால் காட்டினாள். முதலில் புரிந்துகொண்டது பெண்கள்தான். தேவகி டீச்சர் மூக்கை உறிஞ்சினாள். "வீராசாமிங்க" என்று வீராசாமி சொன்னார். ஆம், இனி அவர்தான்.

பிறந்த தேதி என்று கேட்பதற்கு முன் சாமுவேல் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, இந்தத் தடவ சரியா எழுதிடறேன். வருசம் சுமாரா சொன்னாப் போதும்."

"அவருக்கு எழுதினாப்லயே எழுதுங்க."

"எல்லாம் மறந்துடும்மா உனக்கு. இவரையே மறந்துடுவ. இத்தினி வருசம் கழிச்சு இப்பத்தான..."

"தெரியுங்க" என்றாள் செங்கேணி. "அவருக்கு ஞாபகம் கீதுல்ல. அது போதும். எனக்கு இடுப்பு வுட்டுப்போச்சு, யாராச்சும் தூக்கிக்கினா தேவல."

சாமுவேல் வீராசாமியைப் பார்த்தார். வீராசாமி சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீர் ஓரத்துக்குப் போய் நின்றார். சாமுவேல் அன்றைய தேதியை எழுதினார்.

திங்கட்கிழமை ஆனந்தன் நிறுத்துப் பார்த்ததில் இரண்டு கிலோ தொள்ளாயிரம் இருந்தது. பெண் பிள்ளை கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும் என்றான். மாட்டுக்கு வீராசாமி தண்ணீர் காட்டினார், கூழ் காய்ச்சக் கற்றுக்கொண்டார், இரண்டு நாள் அடிப்பிடித்தது. ஞாயிறு காலை அவளை இடுப்பில் உட்காரவைத்து, கால்களை மடக்கிப் பிடித்துக்கொண்டு பாலர் வகுப்புக்குத் தூக்கிவந்தார். அந்த வாரம்தான் சேர்ந்திருந்த புதுப் பிள்ளை ஒன்று, நரைத்த தலையோடு அவர் தோளில் சாய்ந்திருந்தவளைப் பார்த்து, "இது யாரு தாத்தா?" என்று கேட்டது.

"எங்க வூட்ல" என்றார் வீராசாமி.

தேவகி டீச்சர் பாயில் ஓர் இடம் ஒதுக்கினாள். ஜன்னல் திறந்திருந்ததால் அவர் அவள் முந்தானையின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தார். பாட்டு ஆரம்பித்தது.