நாரையின் அலகு இரண்டு நொடி திறந்திருக்கும்

1

இந்தக் கதை, என் அக்கா கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாததிலிருந்து பிறந்தது. சொல்லியிருந்தால் கதை தேவைப்பட்டிருக்காது. நீங்களும் வேறு வேலையைப் பார்த்திருக்கலாம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘எங்கள் கம்பாலா நகரத்தின் மேல் வெயில் ஒரு

ஒரு என்ன என்று தெரியவில்லை. நான் விலங்கியல் படித்தவள். வெயில் அடித்தது.

2

நான் வரைந்த முதல் அசைபடம் மூன்று நிமிடம் ஓடும். கட்டி முடிக்காத மாடியில் ஒரு நாரை நிற்கிறது. கீழே ஒரு பெண் பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறாள். நாரை விளிம்புக்கு வந்து அலகைத் திறக்கிறது. இரண்டு நொடி. பிறகு மூடிக்கொள்கிறது. ஒலி கிடையாது.

அக்கா நமாட்டா வியாழக்கிழமை தோஹாவுக்கு வீட்டுவேலைக்குப் போகிறாள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் படம் வரைந்தேன்.

[முந்தைய வாக்கியங்களை இரண்டு முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். அடித்தால் மிஞ்சுவது ஒரு நாரை மட்டும்.]

3

கலேர்வே சந்தைக்குப் பின்னால் ஒரு வீடியோ கொட்டகை இருக்கிறது. வெளிநாட்டுப் படம் ஓடும்போது வீஜே முவாங்கா திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு உட்கார்ந்து, எல்லாப் பாத்திரங்களுக்கும் எங்கள் மொழியில் தானே பேசுவார். ஞாயிறு மதியம், சண்டைப் படத்துக்கு முன்னால் என் படத்தைப் போட ஒப்புக்கொண்டார். அதில் பேச்சே இல்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அதை ஒரு குறை என்று எடுத்துக்கொண்டார்.

“பரவால்ல தங்கச்சி. நான் எதுக்கு இருக்கேன்?”

நாரை அலகைத் திறந்தது. முவாங்கா மைக்கில் பேசினார்.

“அய்யோ, கீழ மாமியாரு போறாங்கப்பா. அவங்க தெரு தாண்டுற வரைக்கும் நான் இறங்கமாட்டேன்.”*

பெஞ்சுகள் ஆடின. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் நமாட்டா.

* எங்களிடம் மருமகன் மாமியார் கண்ணில் படக்கூடாது. இது நாரைகளுக்கும் பொருந்துமா என்று எங்கள் பாடத்தில் இல்லை.

(முவாங்காவை வில்லனாக எழுத முயன்றேன். அவர் ஒத்துழைக்கவில்லை. படம் முடிந்ததும் என் பெயரைச் சரியாக உச்சரித்து, கைதட்டச் சொன்னார்.)

4

பிறகு கருத்துகள் வந்தன. அடுத்த படத்தில் ஒரு சண்டையாவது வை என்றார்கள். நாரையின் முட்டி பின்பக்கமாக மடங்குகிறது, வரைந்தவள் நாரையைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது என்றார் ஒருவர். அது முட்டி அல்ல, கணுக்கால். நான் சொல்லவில்லை.

[அப்படிச் சொன்னவர்கள் உண்மையில் மூன்று பேர். கதைக்கு ஒருவர் போதும்.]

நமாட்டா பக்கத்தில் வந்து நின்றாள்.

“பெட்டிய நல்லா வரைஞ்சிருக்கடி. ஒரு சக்கரம் இல்லாததுகூட என்னோடது மாதிரியே.”

தலையாட்டினேன்.

“சரி, அந்த நாரை நெசமா என்ன சொல்ல வந்துச்சு?”

இதுதான் அந்தக் கேள்வி. அதற்குள் கொட்டகை, மாமியாரை இன்னொரு தடவை போடு என்று கத்தத் தொடங்கியிருந்தது. முவாங்கா அப்போதுதான் முட்டை வைத்துச் சுருட்டிய சப்பாத்தியைக் கடித்திருந்தார். மைக்கை என் கையில் திணித்தார்.

“நீயே பேசு தங்கச்சி. என் வாய்ல முட்ட இருக்கு.”

படம் மறுபடி ஓடத் தொடங்கியது.

5

முடிவு அ: நான் ‘போகாதே’ என்று சொல்கிறேன். அவள் பெட்டியைப் பிரித்துத் துணிகளை வெளியே எடுக்கிறாள். இதை எழுதிப் பார்த்தேன். அவளுடைய டிக்கெட் வந்துவிட்டது. எனக்கே நம்பிக்கை வரவில்லை.

முடிவு ஆ: மாமியார் வசனத்தையே திரும்பச் சொல்கிறேன். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவளும் சிரிக்கிறாள். வியாழக்கிழமை வருகிறது. இது நம்பும்படி இருக்கிறது. அதனாலேயே பிடிக்கவில்லை.

முடிவு இ: நாரை விளிம்புக்கு வருகிறது. நமாட்டா திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறாள். அலகு திறக்கிறது.

இனி மைக் உங்கள் கையில். கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், துடைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நொடி இருக்கிறது.

“