முப்பத்திரண்டு டிகிரி

நரம்புப் பரிசோதனை அறையில் இருந்தவரை ஆஸ்பத்திரி முழுக்கக் 'கரண்ட்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் ஓட்டுகிறவர்கூட அப்படித்தான். இருபத்தெட்டு வருடமாக அடுத்தவர் கையிலும் காலிலும் சின்னச் சின்ன ஷாக் வைத்து, நரம்பில் சேதி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளந்து எழுதுவதுதான் மனிதருக்குப் பிழைப்பு. ஓய்வு பெற இன்னும் இரண்டே வருடம். ஒரு நாளைக்குப் பதினெட்டுப் பேர் வருவார்கள். வந்து உட்கார்ந்ததும் அத்தனை பேரும் கேட்பது ஒரே கேள்வி: "வலிக்குமா சார்?" வலிக்காது என்றால் பொய், வலிக்கும் என்றால் எழுந்து போய்விடுவார்கள். "சுளீர்னு இருக்கும், அவ்வளவுதான்" என்பார். சொல்லிச் சொல்லி அந்தச் 'சுளீர்'கூட அவர் வாயில் சுரத்தில்லாமல் போய்விட்டது.

அடுத்தது பாடம். அரைத்த மாவையே அரைப்பார். "மூளையிலேருந்து தண்டுவடம் முதுகெலும்புக்குள்ள இறங்குது. அதுலேருந்து நரம்பெல்லாம் கிளை கிளையாப் பிரிஞ்சு விரல் நுனி வரைக்கும் போகுது. விரலை மடக்குன்னு கீழே போற சேதி ஒண்ணு, ஐயோ சுடுதேன்னு மேலே வர்ற சேதி ஒண்ணு. நரம்புக்கு மேல கொழுப்புல ஒரு உறை இருக்கு. அது நல்லா இருந்தா சேதி ஓடும். கெட்டுப்போனா தவழும்." கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். அவர்கள் கண்ணெல்லாம் ஷாக் வைக்கிற கருவிமேல்தான் இருக்கும்.

வேலை என்னவோ எளிதுதான். கட்டைவிரலின் அடிச் சதையில் ஒரு வில்லையை ஒட்டி, மணிக்கட்டில் ஒரு ஷாக், முழங்கையில் ஒரு ஷாக். சதை துடிக்க எவ்வளவு நேரமானது என்று மெஷின் காட்டும். நடுவில் உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்து கணக்குப் போட்டால் வேகம் வந்துவிடும். நல்ல நரம்பு நொடிக்கு ஐம்பது மீட்டருக்கு மேல் ஓடும். ஆனால் இதில் ஒரு வில்லங்கம் உண்டு. கை சில்லென்று இருந்தால் நல்ல நரம்பும் மெதுவாகத்தான் ஓடும், நோய் வந்த நரம்பு மாதிரியே காட்டும். அதனால் முதலில் தோலின் சூட்டைப் பார்க்க வேண்டும். முப்பத்திரண்டு டிகிரிக்குக் குறைந்தால் வெந்நீரில் கையை வைத்துச் சூடேற்ற வேண்டும். படிவத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது.

சூடு பார்க்கிற கருவி ஏழு மாதத்துக்கு முன்னால் மண்டையைப் போட்டது. ஸ்டோரில் மூன்று முறை எழுதிக் கொடுத்தார். "வரும், வரும்" என்றார்கள், வந்தபாடில்லை. முதல் வாரம் கையைத் தொட்டுப் பார்த்து, பரவாயில்லை என்று தோன்றினால் 32 என்று எழுதினார். அப்புறம் தொட்டும் பார்க்காமல் எழுதினார். அப்புறம் காலையில் வந்ததும் பதினெட்டுப் படிவத்திலும் 32 போட்டு வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். கெட்ட மனிதர் இல்லை. அலுத்துப்போன மனிதர். அலுப்பு செய்கிற அநியாயத்தைக் கெட்ட எண்ணம்கூடச் செய்யாது, போங்கள்.

அன்று மத்தியானம் மீன் ஃபாக்டரிப் பெண் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். விரல் மரத்துப்போகிறது, கத்தி நழுவுகிறது என்று மூன்று வாரத்துக்கு முன்னால் ஃபாக்டரியிலிருந்து பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். இரண்டு கையிலும் நரம்புக் கோளாறு என்று ரிப்போர்ட் போயிருந்தது.

"ரிப்போர்ட்ல இன்னொரு காப்பி வேணும் சார். கத்தி பிடிக்க லாயக்கில்லைன்னு இந்த மாசத்தோட நிறுத்தறாங்க. ஆபீஸ்ல காப்பி கேக்கறாங்க" என்று சீட்டை நீட்டினாள்.

சீட்டை வாங்கும்போது அவள் விரல் அவர் விரலில் பட்டது. சில்லிட்டுக் கிடந்தது.

"என்னம்மா, கை இப்படி ஜில்லுன்னு இருக்கு?"

"வேலையிலேருந்து நேரா வர்றேன் சார். காலையிலேருந்து ஐஸ்ல கை."

"அன்னிக்கு டெஸ்ட்டுக்கும் நேரா வந்தியா?"

"ஆமா. லீவு எங்க தர்றாங்க?"

கரண்ட்காரர் மெஷினில் அவளுடைய பழைய படத்தை எடுத்துப் பார்த்தார். வேகம் நாற்பத்தொன்று. ஆனால் விரலிலிருந்து மேலே வந்த சேதியின் அலை? தாமதமாக வந்திருந்தாலும் நெடுநெடுவென்று உயரமாக நின்றது. நோய் வந்த நரம்பின் அலை பெரும்பாலும் குட்டையாகிவிடும். தாமதமாகவும் உயரமாகவும் இருந்தால் அது குளிர்ந்த கை. நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனுக்குக்கூடச் சொல்லிக்கொடுக்கிற சங்கதி இது. அவளுடைய பழைய படிவத்தை எடுத்தார். சூட்டுக் கட்டத்தில் அவர் கையெழுத்திலேயே 32 இருந்தது.

"உக்காரும்மா" என்றார். "ஒரு சந்தேகம். திரும்ப ஒரு தடவை பாத்துடலாம்."

"ஐயோ, மறுபடியும் கரண்டா?"

எழுந்து போனார். குழந்தைகள் வார்டில் கெஞ்சித் தோல் சூடு பார்க்கும் கருவியை வாங்கினார். நர்சுகளின் அறையில் ஒரு குண்டா வெந்நீர் வாங்கினார். அவள் கையில் கருவியை வைத்தார். இருபத்துநான்கு. விளாவின வெந்நீரில் இரண்டு கைகளையும் முழங்கை வரை வைக்கச் சொன்னார். தண்ணீர் ஆற ஆற மாற்றினார். அரை மணி நேரம் ஆனது. வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்டித் தட்டிச் சலித்தார்கள். பிறகு ஷாக் வைத்தார். வேகம் ஐம்பத்தேழு. அடுத்த கையிலும் அதேதான். நரம்பு குதிரை மாதிரி ஓடிற்று.

இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்குப் போனார். கரண்ட்காரர் எழுதுகிற எண்ணை நம்பி ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறவர் டாக்டரம்மாதான். வயதில் சின்னவர்.

"அன்னிக்கு நாற்பத்தொண்ணு, இன்னிக்கு ஐம்பத்தேழா?" டாக்டரம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "மெஷின் கோளாறா சார்? அப்படின்னா அப்படியே எழுதிக் குடுத்துடலாம்."

வழி தானாகத் திறந்தது. 'ஆமா மேடம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டுக் கௌரவமாக வீட்டுக்குப் போகலாம். பூசி மெழுகத் தெரியாதவரா என்ன? ஆனால் 'ஆமா' என்றால் மற்றவர்களின் ரிப்போர்ட் எல்லாம் அப்படியே நிற்கும். யார் யார் எந்த வேலையை விட்டார்களோ, என்னென்ன மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கிறார்களோ.  இத்தனை அலுப்பிலும் அவருக்குப் பயமாக இருந்தது.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு மேடம்" என்றார். "சூடு பாக்காமலே நான்தான் எழுதினேன்."

"இந்தப் பொண்ணுக்கு மட்டுமா?"

"ஏழு மாசமா எல்லாருக்கும்."

டாக்டரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. கத்தவும் இல்லை. "உங்களை நம்பித்தானே சார் நான் கையெழுத்துப் போட்டேன்?" என்றார். இரண்டு ரிப்போர்ட்டையும் மேஜைமேல் வைத்துவிட்டு, "எல்லாப் பேரையும் எடுத்துட்டு வாங்க. சூப்பரின்டென்டென்ட்கிட்ட நான் எழுத்துல குடுக்கணும். உங்களுக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. அதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றார்.

அவள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே உட்கார்ந்து சொன்னார். மென்று விழுங்காமல் சொன்னார். "உன் நரம்புக்கு ஒண்ணும் இல்லம்மா. நாள் முழுக்க ஐஸ்ல வெச்சா யாருக்கும் கை மரத்துத்தான் போகும். அன்னிக்கு உன் கையைச் சூடு பண்ணியிருக்கணும். பண்ணாமலே பண்ணின மாதிரி எழுதிட்டேன். தப்பு என்னோடது. ஃபாக்டரிக்கு டாக்டரம்மா லெட்டர் தருவாங்க."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது. அவள் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்குப் பத்து மாசத்துல புள்ள இருக்கு சார்" என்றாள். "கையில நரம்பு கெட்டுப்போச்சு, பிடி எப்ப வேணா விடும்னு ஃபாக்டரியில சொன்னாங்க. கீழ போட்டுடுவேனோன்னு பயம். மூணு வாரமா நான் அவனைத் தூக்கலை. எங்கக்காதான் தூக்கிட்டு வந்து மடியில வைக்கும், பால் குடிச்சதும் எடுத்துட்டுப் போயிடும். இப்ப அழுதா அவன் அக்காகிட்டதான் கை நீட்டறான்."

கரண்ட்காரர் மன்னிச்சுக்கோ என்று சொல்ல வாயெடுத்தார். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள் என்று தோன்றவே வாயை மூடிக்கொண்டார்.

"இனிமே தூக்கலாம்மா. தாராளமாத் தூக்கலாம்."

"அன்னிக்கும் இதே மாதிரிதானே நிச்சயமா எழுதிக் குடுத்தீங்க?"

சுருக்கென்றது. 

அவள் எழுந்து போகவில்லை. மேஜைமேல் இருந்த சூடு பார்க்கும் கருவியைத் தானே எடுத்தாள். எங்கே வைக்க வேண்டும் என்று அவர் வைத்ததைப் பார்த்திருந்தாள் போலிருக்கிறது, சரியாகப் புறங்கையில் வைத்தாள். எண் நிலைக்கும்வரை காத்திருந்தாள்.

"முப்பத்துமூணு. எழுதுங்க."

எழுதினார்.

மணிக்கட்டைத் திருப்பி அவர் முன்னால் நீட்டினாள். "இப்ப மறுபடி வைங்க. திரையை இந்தப் பக்கம் திருப்புங்க. நான் பாக்கணும்."

"வலிக்கும்மா" என்றார். இருபத்தெட்டு வருடத்தில் முதல் முறையாக.

"தெரியும். வைங்க."

திரையை அவள் பக்கம் திருப்பி வைத்தார். ஷாக் வைத்தார். கட்டைவிரல் துள்ளியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை எடுக்காமல் அலையைப் பார்த்தாள். ஐம்பத்தேழு என்று வந்ததை வாய்விட்டுப் படித்தாள். பிறகு கையை இழுத்துக்கொண்டு அடுத்த கையை நீட்டினாள்.

"இதுலயும்" என்றாள். "ரெண்டு கையாலயும்தான் சார் புள்ளையைத் தூக்கணும்."