கால் மேல் கால்

மறதி நோய் வந்த பெரியவர்களுக்காக டாக்டரம்மா சனிக்கிழமை மதியங்களில் ஒரு சித்திர வகுப்பு நடத்தினார். வண்ணம் கரைத்துக் கொடுப்பதும், யார் என்ன செய்தார்கள் என்று குறித்து வைப்பதும் என் வேலை. ஓவியப் பரீட்சைக்காக நான் மாலை வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு கோடு நேராக வந்ததா என்பதையே பலமுறை பார்க்கிறவள் நான். கோபப்படுவதற்குக்கூட எனக்கு இரண்டு சனிக்கிழமைகள் தேவைப்பட்டன.

மாரப்பன் தொடக்கத்திலிருந்தே வருகிறவர். தாராபுரத்துப் பக்கம் ஒரு தோட்டத்தில் சிறு வயதிலேயே பண்ணையாளாகச் சேர்ந்து, முதுகு வளையும்வரை அங்கேயே இருந்தவர். மகள் மெர்சி கோயமுத்தூரில் நர்ஸ். அப்பாவை பஸ்ஸில் கூட்டிவந்து விட்டுவிட்டு, டியூட்டி முடிந்து வந்து அழைத்துப் போவார். மகளின் பெயர் அவருக்கு மறந்து வெகு நாளாகிவிட்டது. 'நர்சம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

அவருக்குச் சிவப்பு ஒன்று போதும். பிரஷை நன்றாக முக்கி, தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு இழுப்பார். வண்ணம் வழிந்தால், "ஓடுனீன்னா உதைப்பேன்" என்று அதை மிரட்டுவார். ஒரு நாள் வரைந்து முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். கால் மேல் கால் போட்டுக்கொண்டு, தன் தாளைத் தலை சாய்த்துப் பார்த்தார். அன்று சீக்கிரம் வந்திருந்த மெர்சி ஜன்னலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். உள்ளே கூப்பிட்டதற்கு வேண்டாம் என்று கையசைத்தார்.

அப்பா அப்படி உட்கார்ந்து தான் பார்த்ததே இல்லை என்று பிறகு சொன்னார். சொந்த வீட்டில்கூட இல்லையாம். தெருவில் போகிற யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயமாம்.

"இந்தச் சீக்கு அவருக்கு ஒரேயொரு நல்லது செஞ்சிருக்குதுங்க. அது ஒண்ணு நிலைச்சாப் போதும்" என்றார்.

அடுத்த மாதம் பாலுசாமி வந்தார். காரில் மகன் கூட்டிவந்தார். வகுப்பு நடக்கும் ஹால் அவர்களுடைய சொந்தக்காரருடையது. பெரியவருக்கு மகனையே அடையாளம் தெரியவில்லை. பிரஷைக் கையில் வைத்தால் நழுவவிட்டார். வெகுநேரம் சும்மா இருந்தவர், எதிர் மேசையில் இருந்த மாரப்பனைப் பார்த்தார்.

"ஏன்டா, மோட்டார் போட்டியா? தண்ணி பாயுதா?"

அதட்டலே இல்லை. தினமும் கேட்கிற கேள்வியைக் கேட்பது போலக் கேட்டார். மாரப்பனின் கால் கீழே இறங்கியது. எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"பாயுதுங்க சாமி."

இருவரும் வேறு வேறு ஊர்க்காரர்கள். அதற்குமுன் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. யாரும் அறிமுகம் செய்து வைக்கவும் இல்லை. குரல் ஒன்றே போதுமாக இருந்தது. எனக்கு அந்தக் குரல் தெரியும். பெருந்துறைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன்.

அதன்பின் மாரப்பன் நாற்காலிக்குத் திரும்பவில்லை. பாலுசாமியின் காலடியில், தரையில் குந்தி, வண்ணக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டிருந்தார். பாலுசாமியின் கை ஓட ஆரம்பித்தது. வரப்பு போட்டார், தென்னை போட்டார், நடுநடுவே வேலை ஏவினார். டாக்டரம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. யாரோடும் பேசாத இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள், 'ஒத்துழைப்பு' என்று எழுது என்றார்.

நான் கண்டதைச் சொன்னேன். அவர் சென்னையிலிருந்து வந்தவர். மாரப்பன் அழுகிறாரா, பயப்படுகிறாரா, வரமாட்டேன் என்கிறாரா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே சொல்ல வேண்டியிருந்தது. அப்படியென்றால் உனக்கு என்ன கஷ்டம் என்றார். எங்கள் வீட்டு அசிங்கத்தை நானாகக் கொண்டுவந்து இந்த மனிதர்மேல் ஒட்டுகிறேனோ என்று எனக்கும் தோன்றியது.

சோதித்துப் பார்க்க, அடுத்த வாரம் மாரப்பனைக் கோடியில் இருந்த மேசையில், சுவரைப் பார்த்தபடி உட்காரவைத்தேன். சிவப்பைக் கொடுத்தேன். நாலு கோடு இழுத்தார். பாலுசாமி உள்ளே வந்து தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான். மாரப்பன் எழுந்துவிட்டார்.

குடும்பத்தாரிடம் சொல்லி வீணாகக் கலவரப்படுத்த வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நான் மெர்சியிடம் சொன்னேன். மறு சனிக்கிழமை அவர் அரை நாள் லீவு போட்டுவிட்டு, டியூட்டி உடையிலேயே வந்து, வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு உள்ளே வந்து அப்பாவின் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி மேசைமேல் வைத்தார்.

பாலுசாமியின் மகன் தன்மையானவர். எழுந்து நின்றுதான் பேசினார். "தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர். மாரன் பக்கத்துல இருந்தாத்தான் அப்பாவுக்குக் கை ஓடுது. அவனுக்கும் பழக்கந்தானுங்களே."

"எனக்கு சிஸ்டர். எங்கப்பாவுக்கு அவனுங்களா?"

"அட, ரெண்டு பேருமே நெனப்பில்லாம இருக்கறாங்க. நாம எதுக்குங்க நெனப்புப்படுத்திக்கிட்டு?"

"எம்பேரு அவருக்கு மறந்துபோச்சுங்க. எங்கம்மா செத்தது மறந்துபோச்சு. இதும் மறந்துதான் இருந்துச்சு. உங்கப்பா வந்து நெனப்புப்படுத்திப்போட்டாரு."

டாக்டரம்மா நடுவில் வந்து சமாதானம் பேசினார். மாரப்பனைப் புதன்கிழமை காலையில் கூட்டிவரலாம், தனியாகக் கவனித்துக்கொள்கிறேன் என்றார். புதன் காலையில் மெர்சிக்கு டியூட்டி. அது டாக்டரம்மாவுக்கும் தெரியும். கார் வைத்திருப்பவர்கள் புதன்கிழமை வரட்டுமே என்றேன்.

"ஹால் அவங்களோடது, லோகப்பிரியா" என்றார், ஒரு குழந்தைக்கு விளக்குவது போல.

மெர்சி அப்பாவின் தோளைத் தொட்டு, போகலாம் என்றார். மாரப்பன் எழவில்லை. பாலுசாமியை நிமிர்ந்து பார்த்தார்.

"சாமி, போகட்டுங்களா?"

பாலுசாமி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். கேள்வி காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. மாரப்பன் காத்திருந்தார். மெர்சி கையைப் பிடித்து இழுத்தார், வரவில்லை. கடைசியில் மகன், உதவி செய்கிற முகத்தோடு, "போ மாரா, போ" என்றார். மாரப்பன் கையை ஊன்றி எழப்போனார்.

மெர்சி அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தார். "நீங்க உத்தரவு கொடுக்காதீங்க" என்றார்.

நர்ஸ் உடையோடு அப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். மகன் சிரிக்க முயன்றார், முடியவில்லை. பாலுசாமியின் வாயைத் துடைத்துவிட்டு, மெதுவாக நடத்திக்கொண்டு போனார். கார் கிளம்பிய சத்தம் தேய்ந்து மறைந்த பிறகே மெர்சி எழுந்து அப்பாவுக்குக் கை கொடுத்தார்.

இனி வரமாட்டேன் என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். நீ ரொம்ப உணர்ச்சிவசப்படுகிறாய் என்றார். நான் வாங்கி வைத்திருந்த வண்ணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பஸ் ஸ்டாப்பில் அவர்கள் நின்றிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே வீட்டுக்கு வந்து அவரை வரைய வைக்கட்டுமா என்று மெர்சியைக் கேட்டேன்.

"பெருந்துறைப் பக்கம்னு சொன்னீங்கல்ல? தோட்டமுங்களா?"

"ஆமாங்க, தோட்டந்தான்."

"வேண்டாங்க. இத்தனை நாளு அவரு உங்களைப் பார்த்து எந்திரிக்கலை. எங்க ஊட்டுக்குள்ள வெச்சு எந்திரிச்சுப்போட்டாருன்னா, என்னால தாங்க முடியாதுங்க."

வண்ணங்களை மட்டும் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. கோபம் வருவதற்கு வேறு எவ்வளவோ பேர் இருந்தார்கள்.

பஸ் வந்து நின்றது. மெர்சி ஏறி, அப்பாவுக்காகக் கையை நீட்டினார். மாரப்பன் ஏறவில்லை. படியிலிருந்து விலகி, உடம்பைக் குறுக்கிக்கொண்டு, எனக்கு வழிவிட்டு நின்றார்.

"ஏறுங்க அம்மணி" என்றார். எங்கள் தோட்டத்து ஆட்களும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அது நான் ஏற வேண்டிய பஸ் இல்லை. அதைச் சொன்னேன், திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் நகரவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்தார். மெர்சி இறங்கிவிட்டார். பஸ் போய்விட்டது.