தெருமுனையில் கழற்ற வேண்டிய பூட்ஸ்

"அவன் தின்னுட்டானான்னு கேளு."

காசிராஜன் இதைச் சொன்னது மனைவி மொக்கம்மாளிடம். மகன் சின்ராசு அதே அறையில், கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

"தின்னுட்டேன்னு சொல்லும்மா."

"ரெண்டு பேத்துக்கும் நடுவுல நான் என்ன செல்போன் டவரா?" என்றாள் மொக்கம்மாள்.

பட்டாளத்திலிருந்து மகன் லீவில் வந்து மூன்று நாளாகிறது. மூன்று நாளும் இப்படித்தான். எல்லாவற்றுக்கும் காரணம், குடியரசு தினத்தன்று டிவியில் ஓடிய ஐந்து வினாடி.

சின்ராசு பட்டாளத்தில் சேர்ந்து ஏழு வருடம். துப்பாக்கி என்று அவன் ஒரு நாளும் சொன்னதில்லை. "ட்யூட்டி நல்லாப் போகுதுப்பா" என்பான். அந்த ட்யூட்டியின் கையில் துப்பாக்கியைக் கொடுத்தவர் காசிராஜன்தான். எல்லை, பனி, எதிரி என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். டில்லி அணிவகுப்பில் மகன் வருகிறான் என்று தெரிந்ததும் கீழத்தெருவே அவர் வீட்டு டிவி முன்னால் கூடிவிட்டது. வந்தான். தோளில் புலித்தோல். நெஞ்சுக்கு முன்னால் வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு டிரம். இரண்டு கையாலும் அதை அடித்துக்கொண்டே நடந்து போனான். தெரு கைதட்டியது. காசிராஜன் எழுந்து டிவியை அணைத்தார்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அவர் கையிலும் கொட்டு இருந்தது. மேலத்தெருவில் யார் செத்தாலும் அவர் வீட்டுக்குத்தான் ஆள் வரும். ஒரு மழைநாளில், காய்ச்சலோடு அடித்துக்கொண்டிருந்தவரின் கை நடுவில் நின்றுபோனது. ஏலக்காய் ஏவாரி பாண்டியராஜனின் அப்பா, வீட்டு வாசலில் எல்லோரும் பார்க்க, கொட்டோடு சேர்த்து ஆளையும் உதைத்தார். காசிராஜன் விழுந்த கொட்டை எடுக்கவில்லை. எழுந்து நடந்து வந்துவிட்டார். அன்றோடு ஊரில் அவருக்கு வேலை இல்லை, கடையில் கடன் சாமான் இல்லை. விடிகாலை ஜீப்பில் பன்னிரண்டு பேரோடு பதிமூன்றாவது ஆளாகத் தொங்கி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போனார். இன்றுவரை போகிறார். முழங்கால் இரண்டும் தோட்டத்து ஈரத்திலேயே போய்விட்டன. அந்த முழங்காலுக்கு அவர் வைத்திருந்த ஒரே கணக்கு, தன் மகன் கொட்டடிக்கவில்லை என்பது.

"என்னத்துக்கு அதுல சேந்தான்னு கேளு."

"நானாச் சேரலம்மா. ட்ரெயினிங்ல சோத்துக்கு வரிசையில நிக்கிறப்ப வெறுந்தட்டுல வெரலத் தட்டிக்கிட்டு நின்னேன். பேண்ட் மாஸ்டர் பாத்துட்டாரு."

"நான் அவனுக்கு ஒரு அடி சொல்லிக் குடுத்திருப்பனா?"

"நீ சொல்லி வேற குடுக்கணுமாக்கும்? ஏலச்சாக்கு மேல, ஜீப்புக் கம்பி மேல, ஒன் வெரலு என்னைக்குச் சும்மா இருந்துச்சு?" என்றாள் மொக்கம்மாள்.

காசிராஜன் விரல்களை மடக்கிக்கொண்டார். "டிரம்மோட சரியா, இன்னும் இருக்கான்னு கேளு."

சின்ராசு இனி எதையும் மறைப்பதாக இல்லை. "சண்டைன்னு வந்தா பேண்டுக்காரங்கதான் ஸ்ட்ரெச்சர் தூக்கணும். அடிபட்டவன், செத்தவன், எல்லாரையும்."

"கொட்டும் வேணாம், பொணமும் வேணாம்னு ஒன்னைய அனுப்புனேன். சர்க்காரு ரெண்டையும் சம்பளம் போட்டுக் குடுத்திருக்கு." அவர் தட்டிலேயே கை கழுவினார். மகனிடம் நேராகப் பேசிவிட்டோம் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

அப்போதுதான் வாசலில் நிழல் விழுந்தது. பாண்டியராஜனின் வலது கையான ராக்கையா. உள்ளே வரும் வழக்கமில்லாததால் வெளியிலேயே நின்று குரல் கொடுத்தார்.

"ஏய் காசி. பெரியவரு காலமாயிட்டாரு."

உதைத்த கால் போய்ச் சேர்ந்துவிட்டது.

"ஏப்பா சின்ராசு, ஒன்னைய டிவியில பாத்துட்டு மொதலாளிக்கு ஒரே பெருமை. நம்ம ஊருப் பய டில்லியில அடிக்கிறான்னு எல்லார்ட்டயும் சொன்னாரு. டில்லிக்கு அடிக்கிற கை ஊருக்கு அடிச்சா தேஞ்சா போகும்? கம்பம், தேனின்னு பெரிய பெரிய ஆளுகளா வர்றாங்க. அந்தப் புலித்தோலு, தொப்பி எல்லாத்தயும் போட்டுக்கிட்டு முன்னால நடந்து வந்தேன்னா, அது மரியாதையாருக்கும்."

"நான் விட்டு இருவத்திரெண்டு வருசமாச்சுங்கய்யா" என்றார் காசிராஜன்.

"நீ விட்ட. ஒம்மகன் விடலேல்ல? நாடே பாத்துருச்சே. இனி என்ன ரோசம்?"

இருபத்திரண்டு வருடம் இந்த ஒரு வாக்கியத்தில் கரைந்து போனதைக் காசிராஜன் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வர்றேண்ணே" என்றான் சின்ராசு.

'அண்ணே' என்றதில் ராக்கையாவின் முகம் ஒரு கணம் சுளித்தது. 'வர்றேன்' என்றதில் சரியானது.

"ஒண்ணே ஒண்ணு" என்றார் ராக்கையா. "பூட்ஸ மட்டும் தெருமொனையில கழட்டிரணும். அம்மன் கோயிலு இருக்குல்ல."

"ஒங்க ஆளுக அந்தத் தெருவுல பைக்குலயே போறாங்களே?"

"அது வேறப்பா."

"சரிண்ணே. ஆனா யூனிபாரம் போட்டு அடிக்கணும்னா ஆபீசர் உத்தரவு வேணும். வெறுங்காலோட அடிக்கணும்னா கட்டாயம் வேணும், இல்லன்னா என் மேல கேசு. நீங்க ஒரு விண்ணப்பம் எழுதிக் குடுங்க, இப்பவே வாட்ஸாப்புல அனுப்பிர்றேன். சொல்லுங்க, நானே எழுதுறேன்." அவன் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து, பெட்டியின் மேல் வைத்து உட்கார்ந்தான். "இன்ன தேதியில இன்னார் காலமானார். போட்டாச்சு. இந்த வேலைக்கு நான்தான் வரணும்னு கேக்குறீங்களே, எதுனாலன்னு போட?"

"பரம்பரையா நீங்கதான்னு போடு."

"'பரம்பரையாக இந்தச் சாதியாரே அடிப்பது வழக்கம் என்பதால்.' சரியாண்ணே?"

"சாதின்னு எதுக்குப் போடுற?"

"ஆபீசர் பஞ்சாபி. பரம்பரைன்னா ராஜ பரம்பரைன்னு நெனச்சுக்குவாரு."

மொக்கம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அடுத்து. 'மேற்படியார் சீருடையில் வந்து, தெருமுனையில் பூட்ஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு...' கையிலயா, அங்கனயே விட்டுறணுமா?"

ராக்கையா தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"விட்டுறணும்னே போடுறேன். கீழ மொதலாளி கையெழுத்து, போன் நம்பர், ஆதார் நம்பர். ஒரு நிமிசம், போட்டோ எடுத்துக்கிறேன். பட்டாளத்துல எதுக்கும் ஒரு காப்பி வேணும். கையெழுத்து வாங்கி வெரசாக் கொண்டாங்கண்ணே, நான் சட்டைய அயன் பண்ணி வைக்கிறேன்."

சொல்லும்போது சுலபமாக இருந்த வழக்கம், தாளில் ஏறியதும் ராக்கையாவின் கையில் கனத்தது. நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். பத்து மணிக்குப் போன தாள் பன்னிரண்டு மணிக்கும் திரும்பவில்லை. சின்ராசு நிஜமாகவே சட்டையை அயன் பண்ணி வைத்திருந்தான்.

இரண்டு மணிக்கு மேலத்தெருப் பக்கம் செண்டைச் சத்தம் கிளம்பியது. காசிராஜனால் வீட்டில் இருக்க முடியவில்லை. மேலத்தெரு முனை டீக்கடைக்குப் போய் நின்றார். போடிமெட்டு வழியாக இரண்டு ஜீப் நிறைய வந்திறங்கிய கேரளா செட்டு. பதினான்கு பேர், சரிகைக் கரை வேட்டி, நெற்றியில் சந்தனம். பதினான்கு பேரும் செருப்போடு அம்மன் கோயிலைத் தாண்டி நடந்து போனார்கள். பாண்டியராஜனே எழுந்து பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போட்டான். கண்ணாடிக் கிளாசில் டீ போனது.

அடித்து ஓய்ந்த இடைவெளியில் அந்தச் செட்டில் ஒருவன் பீடி வாங்கக் கடைக்கு வந்தான். காசிராஜனைப் பார்த்ததும் அவன் நடை தடுமாறியது. தோட்டத் தொழிலாளர் லயத்தில் குடியிருக்கும் அவருடைய தங்கச்சி மகாராணியின் மகன் திருப்பதி.

"மாமா, பேசாத" என்றான் அவன், தீப்பெட்டியை உரசியபடியே. "இங்க எம்பேரு ஷிபு."

"டேய், செருப்பு..."

"மலையாளிய எவன் கழட்டச் சொல்லுவான்? செட்டுல நாலு பேரு நம்ம ஆளுகதான். நீ போ மாமா."

"ஷிபு சேட்டா! டீ ஆறுது, வாங்க, வந்து ஒக்காருங்க!" ராக்கையா தெருவுக்குள்ளிருந்து ஓடிவந்து திருப்பதியின் தோளில் கை போட்டு அனுப்பிவைத்தார். பிறகு காசிராஜன் பக்கம் திரும்பினார். "பாத்தியா காசி? அடின்னா இது அடி. ஒங்க ஆளுகளுக்கு வருமா இந்தக் கை?"

காசிராஜன், தெருவுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்த திருப்பதியைப் பார்த்தார்.

"வராதுங்கய்யா."

"அதச் சொல்லு." ராக்கையா குரலைத் தாழ்த்தினார். "அந்தப் போட்டோ... ஒம்மகன அழிச்சிறச் சொல்லு. பொல்லாப்பு வேணாம்."

"நான் அவங்கிட்டப் பேசுறதில்லங்கய்யா."

வீட்டுக்கு வந்ததும் காசிராஜன் மகனுக்கு எதிரில் உட்கார்ந்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். நாற்காலியில் ஷிபு உட்கார்ந்த இடம் வந்தபோது மொக்கம்மாளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சின்ராசுவும் சிரித்தான். காசிராஜன் சிரிக்கவில்லை.

"ஏலே, அந்த ஸ்ட்ரெச்சருக்கு நீ ஒரு பக்கம். மறுபக்கம் எவன் தூக்குவான்?"

"எவன் பக்கத்துல நிக்கிறானோ அவன்."

"என்ன ஆளுன்னு கேக்க மாட்டானா?"

"குண்டு விழுறப்ப எவம்ப்பா கேப்பான்?"

"குண்டு விழாதப்ப?"

சின்ராசு அயன் பண்ணிய சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தான். பூட்ஸை அதன் மேல் வைத்தான்.

"கேக்குறாங்கப்பா."