தொண்ணூற்றாறு படிகள்

அம்மாவின் இடதுகையில் வெள்ளைக் கையுறையை மாட்டிவிட்டு வலதுகையைத் தூக்கியபோதுதான் ஜோதிகா அதைப் பார்த்தாள். உள்ளங்கையிலும் விரல் இடுக்குகளிலும் மஞ்சள் பெயின்ட் காய்ந்து ஒட்டியிருந்தது.

"இன்னாடி கறை இது? கொஞ்சம் கெரசின் கொண்டா, தொடச்சிடலாம்" என்றாள் அத்தை கங்கையம்மாள். "பாஸ்டர் வந்துடுவாரு. பெட்டியில வெக்கணும்ல."

ஜோதிகா எழுந்திருக்கவில்லை.

அம்மா பொன்னி நான்கு வருடமாகச் சென்னைக்கு வெளியே ஒரு ரயில் நிலையத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே தூண்களின் மேல் நிற்கும் நிலையம். சொந்த ஊர் தாமலிலிருந்து முதல் பஸ், காஞ்சிபுரத்திலிருந்து முதல் ரயில். அங்கே லிஃப்ட் பயணிகளுக்கு மட்டும். வாளியோடு ஏறினால் லிஃப்ட் நாறுகிறதாம்.

"தொண்ணூத்தாறு படிடீ, எண்ணிட்டேன்" என்று வீடு திரும்பியதும் காலை நீட்டிக்கொண்டு சொல்வாள். போன வாரம், ஏறும்போது மாரை அடைக்கிறது என்று லீவு கேட்டாள். கிடைக்கவில்லை. நேற்றுக் காலை கிளம்பும்போது சொன்னது இவ்வளவுதான்: "இன்னிக்கு படி ஓரத்துக்கெல்லாம் மஞ்ச பெயின்ட் அடிக்கிறாங்க. பெரிய ஆபீசர் வர்றாராம். மிதிச்சா திட்டுவாங்க."

மத்தியானம் ஆம்புலன்ஸில் வந்தாள்.

வெளியே ஷாமியானாவுக்கடியில் காண்டிராக்ட் சூப்பர்வைசர் ராமராஜன் அப்பாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். குரல் நன்றாகக் கேட்டது.

"ஒரு கையெழுத்துதான் சாமுவேலண்ணே. டியூட்டி முடிச்சி வெளிய வந்து, ரோட்டுல டீக்கடையாண்ட விழுந்துட்டாங்கன்னு எழுதியிருக்குது. எல்லாருக்கும் இப்படித்தான் போடறது."

"ரோட்டுலயா விழுந்தா?"

"நான்தானே தூக்கினேன். அதை விடுங்க. பாப்பா படிப்ப நிறுத்திட்டு சும்மாத்தானே இருக்குது? அவங்க எடம் காலியாத்தான் இருக்குது. திங்கக்கிழம அனுப்புங்க."

அப்பா பேனாவை வாங்கினாரா என்று தெரியவில்லை. ஆனால் வாங்கிவிடுவார். யார் எதை நீட்டினாலும் வாங்கிக்கொள்கிறவர்.

வெளியாள் வந்தால் அடுப்பங்கரைக்குப் போய் நின்றுகொள்ளும் ஜோதிகா, மாட்டாத உறையைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வந்தாள்.

"அப்பா, உள்ள வா. சார், நீங்களும் வாங்க."

"பரவால்லம்மா, நான் இங்கயே..."

"வாங்க சார். இனிமே பாக்க முடியாதுல்ல."

தெருப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ராமராஜன் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். ஜோதிகா அம்மாவின் வலதுகையைத் திருப்பி அவர் முன்னால் பிடித்தாள். அது கனத்தது.

"டீக்கடையில எதுக்கு சார் பெயின்ட் அடிச்சாங்க?"

"எங்கியாவது பட்டிருக்கும்மா."

"நீங்கதானே தூக்கினீங்க. எந்தப் படியிலேர்ந்து தூக்கினீங்க? எத்தனாவது படி?"

அவர் கங்கையம்மாளைப் பார்த்தார். கங்கையம்மாள் கெரசின் பாட்டிலைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

"ஏம்பா, கேக்குறால்ல பொண்ணு" என்றாள். "சொல்லேன்."

சாமுவேல் குனிந்து அந்தக் கையின் மஞ்சளை விரலால் தொட்டார். பிறகு பேனாவுக்கு மூடி போட்டு ராமராஜனின் சட்டைப் பையில் தானே செருகினார்.

பாஸ்டர் வந்தார். பொன்னியைப் பெட்டியில் வைத்தார்கள். உறை போட்ட இடதுகை கீழே, வெறுங்கை மேலே. உள்ளங்கை தெரியும்படி ஜோதிகாதான் வைத்தாள். பாஸ்டர் அதைப் பார்த்தார், வேதாகமத்தைத் திறந்தார். தெரு முழுக்க வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனது.

வாசலில் ராமராஜன் ஒற்றைக் காலில் நின்று ஷூவை மாட்டிக்கொண்டிருந்தார். அதன் முனையிலும் மஞ்சள் இருந்தது. கையெழுத்தாகாத அந்தக் காகிதத்தை மடித்துத் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை.